மனச்சோர்வு, மூளை அழற்சி, கடலட்டை

இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருக்கும் பாடசாலைக் கட்டடங்களிலும் தற்காலிகக் குடில்களிலும் மருத்துவ முகாம் நடத்தும் எவருக்கும் ஒன்று தெரியும். வரிசையில் வந்து நிற்பவர்களுள் காய்ச்சல்காரர்களும் காயம்பட்டவர்களும் சிலரே. "மேலெல்லாம் வலி சாமி", "நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கு", "ராத்திரி தூக்கமே இல்ல", "சோறு எறங்க மாட்டேங்குது" என்று சொல்பவர்களே அதிகம். இரத்த அழுத்தம் பார்த்தால் சரியாக இருக்கும். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாலும் குறை தெரியாது. இரண்டு பனடோல் குளிசைகளுடன் அவர்கள் திரும்பிப் போவார்கள். அடுத்த மாத முகாமிலும் அதே முகங்களைக் காணலாம்.

இது மலையகத்தில் மட்டும் உள்ள நிலை அன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் மக்களிடையே, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. செஸ்மல் சிறிவர்தன என்னும் இலங்கை மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2013இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 18.8 பேருக்கு ஏதோ ஒரு பொதுவான மனநோய் இருந்தது. அதில் பெரும் பங்கு, நூற்றுக்கு 14 பேர், உடல் நோவாகவே அதை அனுபவித்தார்கள். பரிசோதனையில் காரணம் அகப்படாத வலி, இறுக்கம், களைப்பு இவைதாம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009இல் நடத்தப்பட்ட வேறோர் ஆய்வில், மனச்சோர்வின் அறிகுறிகள் நூற்றுக்கு 22.2 பேரிடம் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 41.8 பேர். இரண்டு ஆய்வுகளும் அளந்த விதம் வேறு. ஆகவே எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. ஆனால் வீடும் நிலமும் விட்டு வந்தவர்களுக்கு இந்த நோய் தற்செயலாக வருவதில்லை என்பதை இரண்டும் சொல்லுகின்றன.

1977, 1983 வன்செயல்களின் பின் மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்தவர்கள், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்களை இழந்தவர்கள், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது மரக்கறித் தோட்டத்தையும் வீட்டையும் ஒரே இரவில் பறிகொடுத்தவர்கள் ஆகிய எல்லாரிடமும் அயலார் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "மனசைத் தைரியமா வச்சுக்க." நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்பவருக்குத் தம்மிடம் தைரியம் இல்லாததுதான் குறை என்று தோன்றிவிடுகிறது. கடந்த முப்பது ஆண்டுகால மருத்துவ ஆய்வு வேறொன்றைச் சொல்லுகிறது. மனச்சோர்வு கொண்டவர்களுள் ஒரு பகுதியினருக்காவது உடம்பே ஒருவகையில் கனன்றுகொண்டிருக்கிறது.

அழற்சி என்பது என்ன?

கவ்வாத்துக் கத்தி பட்டுக் கை வெட்டுப்பட்டால் அவ்விடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, நோகிறது. கிருமியை எதிர்க்கவும் காயத்தை ஆற்றவும் உடம்பு அனுப்பும் காவற்படையின் வேலை அது. இதற்குத்தான் அழற்சி என்று பெயர். வேலை முடிந்ததும் காவற்படை திரும்பிவிட வேண்டும். திரும்பாமல் அங்கேயே பாளையம் போட்டுக்கொண்டால் நோய்.

மூளையிலும் அழற்சி உண்டு. அதன் கொடிய வடிவத்தை எம் மக்கள் அறிவார்கள், மூளைக்காய்ச்சல் என்பார்கள். 1985-86இல் அநுராதபுரப் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியபோது 385 பேருக்கு நோய் கண்டது, 64 பேர் இறந்தார்கள். வயல் நீரில் பெருகும் நுளம்பும் பன்றியும் அந்தக் கிருமிக்குத் துணை. 1988இல் தடுப்பூசி தொடங்கப்பட்டது. இன்று ஒரு வயது பூர்த்தியான குழந்தைகளுக்குக் கிளினிக்கிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

இன்னொரு வடிவம் 2007வரை பெயரில்லாமல் இருந்தது. நல்ல சுகத்தோடு இருந்த இளம்பெண் ஒருத்தி திடீரென்று தூக்கமின்றிப் பிதற்றுகிறாள். இல்லாத குரல்களைக் கேட்கிறாள். வாய் கோணுகிறது, வலிப்பு வருகிறது, பின்பு கல்லாய்க் கிடக்கிறாள். இதைப் பார்க்கும் எந்த ஊரிலும் பேய் பிடித்தது என்றே சொல்வார்கள். உலகெங்கும் அப்படித்தான் சொன்னார்கள். யோசெப் டால்மாவு என்ற ஸ்பானிய நரம்பியல் மருத்துவர் அமெரிக்காவில் இருந்தபோது இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். உடம்பின் காவற்படை வழிதவறி, மூளை நரம்புகளின் மேலுள்ள ஒரு வாயிலையே பகைவன் என்று எண்ணித் தாக்குகிறது. சிலருக்குச் சூலகத்தில் உள்ள கட்டி ஒன்று அதைத் தூண்டிவிடுகிறது. 2013இல் வெளிவந்த 577 நோயாளரைப் பற்றிய ஆய்வில், அழற்சியை அடக்கும் சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 81 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் நன்கு தேறினார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்து நரம்பியல் பேராசிரியர் தஷி சாங் போன்றோர் இலங்கை நோயாளரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். எனவே பேயோட்டுபவரிடம் அழைத்துப்போகும் முன், வலிப்போடு சேர்ந்து வரும் இத்தகைய திடீர் மாற்றத்தை உடனே பெரிய வைத்தியசாலையில் காட்ட வேண்டும். செபிக்க வேண்டாம் என்று எந்த வைத்தியரும் சொல்லப் போவதில்லை. ஆனால் நாட்கள் போனால் திரும்பி வராது.

இது அரிய நோய். முகாமில் "சோறு எறங்கல" என்று சொல்லும் அக்காவுக்கு இது இல்லை. ஆனால் மனக்கோளாறு என்று நாம் ஒதுக்கும் ஒன்றின் அடியில் அழற்சி இருக்கலாம் என்று உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது இதுவே.

நோய்ப்பட்ட மாடு

நோய்ப்பட்ட மாடு எப்படி நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டத்தை விட்டு விலகி நிற்கும். தீவனத்தை முகர்ந்துவிட்டு விட்டுவிடும். தலை தொங்கும். கன்று முட்டினாலும் கவனிக்காது. காய்ச்சல் வந்த மனிதரும் அப்படியே. யாரோடும் பேசப் பிடிக்காது, உணவு கசக்கும், எழும்ப மனம் வராது. கிருமி இதை நேராகச் செய்வதில்லை. காவற்படை இரத்தத்தில் விடும் செய்திப் பொருட்கள் மூளையை எட்டி, "படு, பேசாதே, சக்தியைச் சேமி" என்று கட்டளையிடுகின்றன. இரண்டு மூன்று நாட்களுக்கு இது நன்மையே. கட்டளை மாதக்கணக்கில் நிறுத்தப்படாமல் ஒலித்தால் அது பார்வைக்கு மனச்சோர்வைப் போலவே இருக்கும்.

இதற்குச் சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. ஈரல் அழற்சி சி நோயாளருக்கு இன்டர்பெரோன் என்னும் ஊசியை முன்னர் மாதக்கணக்கில் ஏற்றுவார்கள். அது காவற்படையைத் தூண்டிவிடும் பொருள். ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு, முன்பு மனநோயே இல்லாதவர்களுக்கும், கடும் மனச்சோர்வு வந்தது. அவர்கள் எவரும் தைரியம் குறைந்தவர்கள் அல்லர். ஊசிதான் அதைச் செய்தது. 2015இல் கனடாவின் ரொறன்ரோ நகரில், மனச்சோர்வு உடையவர் 20 பேரின் மூளையையும் சுகதேகிகள் 20 பேரின் மூளையையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். அழற்சியின் அடையாளம் நோயாளரிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது.

அப்படியானால் அழற்சியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் சோகம் நீங்குமா? இங்கேதான் நிதானம் வேண்டும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 2013இல் 60 நோயாளரை வைத்து அதைப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் மருந்துக்கும் வெறும் உப்புநீருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் இரத்தத்தில் அழற்சி கூடியிருந்தவர்களுக்கு மட்டும் பயன் தெரிந்தது. குறைந்திருந்தவர்களுக்கு அம்மருந்து கெடுதலாகவும் இருந்திருக்கலாம். மனச்சோர்வு உள்ள எல்லாரிடமும் அழற்சி இல்லை. நாலில் ஒரு பங்கினரிடமே அது தெளிவாகக் கூடிக் காணப்படுகிறது. ஆகவே மூட்டுவலிக் குளிசையையோ, ஸ்ரெரோயிட் குளிசையையோ மனத்துக்கு நல்லது என்று கடையில் வாங்கி விழுங்கிவிடாதீர்கள். ஸ்ரெரோயிட் சிலருக்கு மனத்தையே குழப்பும்.

மென்மையான மூளையில் வன்மையான ஊசி

மருந்துக்கு மசியாத மனச்சோர்வும் உண்டு. அத்தகையோரின் மூளைக்குள் நுண்ணிய கம்பி வைத்து மின்சாரம் செலுத்தும் முயற்சியை ஹெலன் மேபெர்க் என்ற பெண் மருத்துவர் ரொறன்ரோவில் தொடங்கினார். 2005இல் வெளியான அவருடைய அறிக்கையில் ஆறு நோயாளருள் நால்வர் தேறியிருந்தார்கள். பின்பு 90 பேரோடு நடந்த பெரிய சோதனையில், ஆறு மாத முடிவில் மின்சாரம் செலுத்தியவர்களுக்கும் செலுத்தாதவர்களுக்கும் வேறுபாடு காணவில்லை. 2021இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஒரே ஒரு பெண்ணுக்கு வேறுவிதமாகச் செய்தார்கள். அவருடைய மூளையில் சோர்வு எழும் சமிக்ஞையைக் கருவி முதலில் கேட்கும். கேட்ட பிறகே சிறிது மின்சாரம் விடும். பல ஆண்டுத் துயரம் அவருக்குத் தணிந்தது.

கேட்பதற்குத்தான் தடை இருக்கிறது. மூளை கட்டித்தயிரைப் போல மென்மையானது. ஒவ்வொரு நாடித்துடிப்போடும் மூச்சோடும் அது மெல்ல அசைகிறது. நரம்பின் சமிக்ஞையைக் கேட்கும் ஊசிகளோ சிலிக்கனாலும் உலோகத்தாலும் ஆனவை. தயிர்ச் சட்டிக்குள் ஊசியைக் குத்தி நிறுத்திவிட்டுச் சட்டியை நாள் முழுதும் ஆட்டினால் என்ன நடக்கும்? உரசிய இடமெல்லாம் புண்ணாகும். காவற்படை வந்து ஊசியைச் சுற்றித் தழும்புச் சுவர் எழுப்பும். மாதங்கள் போகப் போகக் கருவி செவிடாகும். அழற்சியால் வந்த நோயைத் தீர்க்க வைத்த பொருளே புதிதாக அழற்சியை உண்டாக்குகிறது! ஆய்வாளர்களைப் பல ஆண்டுகளாக வருத்திய சிக்கல் இது. ஊசி வளையாமல் உள்ளே போவதற்கு விறைப்பு வேண்டும், போன பின்போ மென்மை வேண்டும்.

கடலட்டையின் தோல்

எங்கள் தோட்டத்து அட்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலட்டை வேறு பிராணி. மன்னார், யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கடலோரத்தில் இருந்து வந்தவர்களுக்கு அது தெரியும். அங்கு அதைப் பண்ணைகளில் வளர்க்கவும் செய்கிறார்கள். கையில் எடுத்தால் முதலில் துவண்டு கிடக்கும். சீண்டினால் சில நொடிகளில் விறைத்துப் பலகையைப் போலாகிவிடும். விட்டுவிட்டால் மறுபடியும் துவளும். அதன் தோலில் மென்மையான பசைக்குள் விறைப்பான நார்கள் பரவியிருக்கின்றன. ஆபத்து வந்தால் சுரக்கும் ஒரு பொருள் நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். ஆபத்து நீங்கினால் பிணைப்பு விடும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசேர்வ் பல்கலைக்கழகத்தில் ஐந்து பேர் இந்தத் தோலைப் பார்த்து ஒரு செயற்கைப் பொருளைச் செய்து, 2008இல் 'சயன்ஸ்' ஏட்டில் வெளியிட்டார்கள். கபடோனா, டைலர், ரோவன், வேடர் என்ற பெயர்களுக்கு இடையே கதிரவன் சண்முகநாதன் என்னும் தமிழ்ப் பெயரும் இருக்கிறது. பின்னாளில் அவர் இந்தியாவின் பூனா நகரிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் விஞ்ஞானியானார். கடலட்டையை மீனவர் விலைக்கு விற்கும் பொருளாக மட்டுமே அறிந்த எமக்கு இச்செய்தி கொஞ்சம் பெருமையும் தருகிறது; ஒளிப்பானேன்?

அவர்கள் செய்தது, வைக்கோல் துரும்பு கலந்து எழுப்பிய மண்சுவரின் கதைதான். காய்ந்தால் துரும்பும் மண்ணும் பிணைந்து சுவர் உறுதியாக நிற்கும், நனைந்தால் இளகும். மண்ணுக்குப் பதில் ஒரு வகைப் பிளாஸ்ரிக், வைக்கோலுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத செலுலோசு இழைகள். பருத்தியிலும் மரத்திலும் உள்ள அதே செலுலோசுதான். அவர்கள் அதைப் பாறையில் ஒட்டி வாழும் ஒரு கடற்பிராணியின் உறையிலிருந்து எடுத்தார்கள். காய்ந்த நிலையில் அது விறைப்பாக இருந்தது. மூளையைச் சூழ்ந்துள்ள நீரைப் போன்ற நீரில், உடல் வெப்பத்தில் வைத்தபோது அதன் விறைப்பு 4200 அலகிலிருந்து 1.6 அலகுக்கு இறங்கியது. இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேல் குறைவு. இதனால் செய்த ஊசி விறைப்பாக உள்ளே நுழையும், நுழைந்தபின் நனைந்து இளகும். அப்படி இளகிய பின்னரும் மூளையை விட அது நூற்றுக்கணக்கான மடங்கு கடினமானதே. ஆயினும் எலிகளின் மூளையில் வைத்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், பதினாறு வாரங்கள் சென்றபின் மென்மையான ஊசியைச் சுற்றி அழற்சி குறைவாகவே இருந்தது.

வேறு வழிகளும் உண்டு. 2010இல் பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து எடுத்த பட்டுப் பொருளில் மெல்லிய மின்வலையைப் பதித்து ஒரு பூனையின் மூளை மேல் விரித்தார்கள். பட்டு கரைந்துவிட்டது; வலை மட்டும் மூளையின் மேடுபள்ளத்தோடு ஒட்டிக்கொண்டது. 2019இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில், உருவிலும் பருமனிலும் நரம்பணுவையே ஒத்த மின்னிழையைச் செய்து எலியின் மூளைக்குள் வைத்தார்கள்.

இவை எல்லாம் ஆய்வுகூடத்து வேலை. மனச்சோர்வுக்கான சிகிச்சையாக இவை எந்த வைத்தியசாலையிலும் கிடைப்பவை அல்ல. மூளை மின்சாரம், நரம்புக் காந்தம் என்று பெயர் சொல்லி இடுப்புப் பட்டியோ கட்டிலோ தவணைக்கு விற்க எவரேனும் லயத்துக்கு வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்று கையில் உள்ளது

இந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். ஆனால் புத்தளத்து ஆய்வில் இன்னொரு பகுதியும் உண்டு, அதையும் படிக்க வேண்டும். வேலையற்றவர்களிடம் மனநோய்க்கான சாத்தியம் ஏறத்தாழ மூன்று மடங்கு கூடியிருந்தது. துணையை இழந்தவர்களிடமும் பிரிந்தவர்களிடமும் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத வீடுகளிலும் அது கூடவே இருந்தது. அழற்சியைத் தணிக்கும் மருந்து வரட்டும், மெல்லிய கம்பியும் வரட்டும். இடம்பெயர்ந்தவருக்குப் பயிர் செய்ய ஒரு துண்டுக் காணியும் அதற்கு உறுதிப் பத்திரமும் கொடுப்பதைச் சமூக சேவை என்று ஒரு கோவையிலும், நோயைச் சுகாதாரம் என்று வேறொரு கோவையிலும் பிரித்து வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு இந்த எண்களை யாராவது எடுத்துக்காட்ட வேண்டும்.

அதுவரை நோய் காத்திருக்காது. இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுதும் மனம் கனத்திருந்தால், முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாவிட்டால், நித்திரையும் பசியும் கெட்டிருந்தால் வைத்தியரிடம் போகவேண்டும். மாவட்ட வைத்தியசாலைகளிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் நடக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியிலோ குடும்ப நல மாதுவிடமோ கேட்டால் நாள் சொல்வார்கள். மருந்து இலவசம். முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும் இதே களைப்பைத் தரும். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம். மனச்சோர்வுக் குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுக்கும். பத்து நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துபவர்களே பலர். சுகமான பின்பும் ஆறு மாதமாவது வைத்தியர் சொன்னபடி எடுக்க வேண்டும். கசிப்பு அந்த இரவுக்குத் தூக்கம் தரும். மறுநாள் காலையைக் கெடுக்கும்.

சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது பயமுறுத்தல் என்று விட்டுவிடக் கூடாது. அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் தொலைபேசி எடுக்கலாம்.

கிளினிக்கில் பெரிய இடைஞ்சல் மொழி. "மேலெல்லாம் வலி" என்பதைச் சிங்களத்தில் சொன்னால் வைத்தியர் மூட்டுவலி என்றே எழுதுவார். எனவே போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை வாரம், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எதைச் செய்ய முடியவில்லை, எந்த இழப்புக்குப் பின் தொடங்கியது, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா இல்லையா. சிங்களம் தெரிந்த, வாய் காக்கக்கூடிய பெரியவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறான் என்பதற்காகப் பன்னிரண்டு வயது மகனை அழைத்துப்போய்த் தாயின் வேதனையை அவன் வாயால் மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.